சேலத்தில் நன்றாக ஓடிய லாவா விளக்கு, ஏற்காட்டுக்கு வந்ததும் மெழுகு மேலே ஏறவில்லை. என்ன செய்யலாம்?

நாகலூர்_காப்பி:

வணக்கம். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பா கார்த்திகை வரை சேலம் குகையில் தம்பி வீட்டில் இருந்தார். அம்மா போனதிலிருந்து அவருக்கு இரவில் தூக்கம் இல்லை, பன்னிரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்தால் பால்காரர் வரும் வரை உட்கார்ந்தே இருப்பார். தம்பி மகள் தாத்தாவுக்கென்று ஒரு லாவா விளக்கு வாங்கி வைத்தாள். ஒரு முழ உயரக் கண்ணாடிப் பாட்டிலில் சிவப்பு மெழுகு, இளமஞ்சள் நீர், அடியில் சூடேற்ற ஒரு பல்பு. அந்த மெழுகு மெல்ல எழுந்து, இடுப்பு ஒடுங்கி, உருண்டையாகப் பிரிந்து மேலே போவதையும் திரும்பி வருவதையும் பார்த்துக்கொண்டே நாற்காலியில் கண் அசந்துவிடுவார். மாத்திரையில் வராத தூக்கம் அதில் வந்தது, நானே பார்த்திருக்கிறேன்.

மார்கழியில் அப்பாவை இங்கே ஏற்காட்டுக்குக் கூட்டி வந்துவிட்டோம். எங்கள் வீடு நாகலூர் போகும் வழியில், சுற்றிலும் காப்பித் தோட்டமும் சில்வர் ஓக் மரமும்தான். விளக்கைப் பழைய புடவையில் சுற்றி பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தேன், இருபது கொண்டை ஊசி வளைவிலும் அது என் மடியில் ஆடிக்கொண்டேதான் வந்தது. அன்று காலை வரை எரிந்துகொண்டிருந்த விளக்கு அது, சூடு முழுதாக ஆறுவதற்குள் எடுத்துவிட்டோம், அது தப்பா என்று தெரியவில்லை.

இங்கே வந்த இரண்டாம் நாளே பல்பு ஃபியூஸ். கடையில் பழைய பல்பைக் காட்டினேன், முதலில் ஒரு சின்ன எல்இடி கொடுத்தார்கள். வெளிச்சம் பளிச்சென்று இருந்தது, மெழுகு கல் மாதிரி கிடந்தது. திரும்பப் போய்க் கேட்டதும் அதே மரையில் ஒரு சின்னக் குண்டு பல்பு கொடுத்தார்கள், அதுதான் இப்போது எரிகிறது.

நான்கு மணி நேரம் போட்டு வைத்தாலும் மெழுகு அடியில் ஒரு மேடு மாதிரி எழும்பி, அதிலிருந்து விரல் போல ஒன்று நீட்டிக்கொண்டு அப்படியே நின்றுவிடுகிறது. உருண்டையாகப் பிரிவதே இல்லை. நீர் அரிசி கழுநீர் போலக் கலங்கிவிட்டது. அடியில் வட்டமாகக் கிடந்த ஸ்பிரிங் கம்பி ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு சாய்ந்து நிற்கிறது. மெழுகுக்கு மேலே ஜவ்வரிசி மாதிரி பொடி உருண்டைகள் வேறு.

அப்பா ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் தினமும் இரவு அதன் எதிரே நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்காருகிறார். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


அம்மாப்பேட்டை_தறி:

அக்கா, மூடியைத் திறந்து கொஞ்சம் உப்பு போட்டால் நீர் கனமாகி மெழுகு தானாக மேலே வரும் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். அவசரம் என்றால் பாட்டிலை மட்டும் கழற்றி அடுப்பில் கொதிநீருக்குள் கொஞ்ச நேரம் வைத்தாலும் மெழுகு இளகிவிடும்.


செவ்வாய்ப்பேட்டை_கொலுசு:

தம்பி நல்ல மனதோடுதான் சொல்கிறார், ஆனால் அக்கா, அந்த இரண்டையும் செய்யாதீர்கள். முதலில் அடுப்பு விஷயம். அமெரிக்காவில் 2004இல் ஒருவர் லாவா விளக்கை அடுப்பில் வைத்துச் சூடாக்கப் போய், கண்ணாடி வெடித்து, சில்லு நெஞ்சில் பாய்ந்து இறந்தே போனார். மூடிய பாட்டில் அது, உள்ளே இருப்பது சூட்டில் விரியும், விரிய இடம் இல்லாவிட்டால் கண்ணாடிதான் வழிவிடும். அதன் சூடு அதன் பல்பிலிருந்து மட்டும்தான் வர வேண்டும்.

உப்பு விஷயத்தில் நானே பட்டவன். கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன், 962 டிகிரியில் வெள்ளியை உருக்கிப் பழகிய கை, ஒரு மெழுகு விளக்கு என்ன பெரிய வேலை என்று நினைத்துவிட்டேன். என் விளக்கிலும் இதே மாதிரி மெழுகு ஏறாமல் கிடந்தது. மூடியைக் கிடுக்கியால் நெம்பி எடுத்து ஒரு கரண்டி எப்சம் உப்பு போட்டேன். ஒன்றும் ஆகவில்லை. அப்போது விளக்கு சரியாகச் சூடேறவே இல்லை என்பது எனக்குப் புரியவில்லை, இன்னும் இரண்டு கரண்டி போட்டேன். மறுநாள் முழுச் சூடு ஏறியதும் மெழுகு முழுவதும் ஒரே கட்டியாக மேலே போய்க் கழுத்தில் அடைத்துக்கொண்டது, ஆறிய பிறகும் இறங்கவில்லை. இப்போது நீர் கனம் கூடிவிட்டதே என்று பாதியை ஊசியால் உறிஞ்சி எடுத்துவிட்டு வீட்டு போர் தண்ணீரை ஊற்றினேன். எங்கள் தெருவில் தண்ணீர் எவ்வளவு உப்பு என்று சேலத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டாம், உள்ளே இருந்த சோப்புச் சத்தோடு அது சேர்ந்து வெள்ளை வெள்ளையாகத் திரிந்துவிட்டது. பிறகு பேட்டரித் தண்ணீர் வாங்கி முயன்றேன். அதற்குள் நீரில் இருந்த நிறமும் போய்விட்டது, மெழுகும் கண்ணாடியில் பிசுபிசு என்று ஒட்டிக்கொண்டது. விளக்கு அதோடு சரி.

அந்த மெழுகின் கனமும் நீரின் கனமும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கும்படி செய்திருக்கிறார்கள். ஆறியிருக்கும்போது மெழுகு ஒரு துளி கனம் அதிகம், அதனால் அடியில் கிடக்கும். சூடேறினால் நீரைவிட மெழுகு அதிகமாக விரியும், ஒரு துளி லேசாகிவிடும், மேலே போகும், போன இடத்தில் சூட்டை இழந்து சுருங்கிக் கீழே வரும். இவ்வளவு நுணுக்கமாகச் சேர்த்ததில் நாம் கரண்டிக் கணக்கில் கை வைத்தால் அது தாங்காது. உங்கள் விளக்கு சேலத்தில் நன்றாக ஓடியது என்கிறீர்கள். அப்படியென்றால் உள்ளே இருக்கும் சரக்கில் குறை இல்லை. குறை வெளியே இருக்கிறது, வெளியே தேடுங்கள்.

இன்னொன்று, பழைய காலத்து விளக்கு யாரிடமாவது இருந்தால் அதைத் திறக்கவே கூடாது. அந்த நாளில் மெழுகுக்குக் கனம் கூட்டக் கார்பன் டெட்ராகுளோரைடு சேர்த்தார்கள், ஈரலுக்கு நஞ்சு.


ஃபேஸ்_நியூட்ரல்:

தங்கச்சி, முப்பது வருடமாக வயரிங் வேலை செய்கிறேன், ஏற்காட்டு எஸ்டேட் வீடுகளிலும் நிறையச் செய்திருக்கிறேன். கொலுசுத் தம்பி சொன்னது அத்தனையும் சரி. வெளியே என்ன என்று நான் கேட்கிறேன், நீங்கள் பார்த்துச் சொல்லுங்கள்.

முதலில் பல்பைக் கழற்றிக் கண்ணாடியில் என்ன அச்சடித்திருக்கிறது என்று படியுங்கள். விளக்கின் அடித்தட்டைத் தலைகீழாகத் திருப்பினால் ஒரு ஸ்டிக்கர் இருக்கும், அதில் எத்தனை வாட் போட வேண்டும் என்று போட்டிருக்கும். இரண்டும் ஒன்றா? எனக்கு இதில்தான் சந்தேகம். நம் ஊரில் வீட்டு பல்பு எல்லாம் பின் டைப், இந்த விளக்குக்கு வேண்டியது 14 மில்லிமீட்டர் சின்ன மரை. அந்த மரையில் கடையில் சட்டென்று கிடைப்பது ஃபிரிட்ஜ் பல்பு, அது 15 வாட்டுதான். வெளிச்சம் வரும், மரையும் பொருந்தும், கடைக்காரருக்கும் சரி என்று தோன்றும். ஆனால் இந்த விளக்குக்கு வெளிச்சம் இரண்டாவது வேலை, சூடுதான் முதல் வேலை. குண்டு பல்பு இழுக்கும் கரண்ட்டில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் சூடாகத்தான் போகும், அதனால்தான் எல்லோரும் எல்இடிக்கு மாறினோம், அதனாலேயே எல்இடி இதற்கு ஆகாது. நீங்கள் எல்இடி போட்டபோது மெழுகு கல்லாகக் கிடந்ததே, அதுதான் காரணம்.

இரண்டாவது, விளக்கை எங்கே வைத்திருக்கிறீர்கள்? இந்த விளக்குகளுக்கு 20லிருந்து 24 டிகிரி வரை உள்ள அறை உகந்தது. குகையில் மார்கழியில்கூட வீட்டுக்குள் அதற்குக் கீழே போகாது. உங்கள் வீட்டில் ராத்திரி எவ்வளவு? மேலே 1500 மீட்டர் உயரம் அல்லவா, அதனால் காற்றழுத்தம் ஏதாவது செய்கிறதோ என்று நினைக்க வேண்டாம், பாட்டில் மூடியிருக்கிறது, உயரம் அதை ஒன்றும் செய்யாது. குளிர்தான் செய்யும். பல்பு அடியில் கொடுக்கிற சூட்டைக் குளிர்ந்த அறை கண்ணாடி வழியாக இழுத்துக்கொண்டே இருக்கும். ஜன்னலோரம், கல் மேடை, சிமெண்ட் தரை, ஃபேனுக்கு நேர் கீழே, இந்த நான்கு இடமும் கூடாது.

மூன்றாவது, மல்டிமீட்டர் வைத்திருப்பவர் யாராவது பக்கத்தில் இருந்தால், சாயங்காலம் 7 மணிக்கு ஒரு தடவை, ராத்திரி 11க்கு ஒரு தடவை பிளக்கில் வோல்டேஜ் எவ்வளவு என்று பார்க்கச் சொல்லுங்கள். குளிர்காலத்தில் மலைமேல் எல்லா வீட்டிலும் கீசர் ஓடும் நேரத்தை நான் பார்த்திருக்கிறேன், அதனால் கேட்கிறேன்.

அந்த விரல் மாதிரி நீட்டிக்கொண்டு நிற்பது கெட்டுப்போனதற்கு அடையாளம் இல்லை. அடியில் இருக்கும் மெழுகு முதலில் உருகும், மேலே இருக்கும் தோல் இன்னும் கெட்டியாக இருக்கும், உருகியது அந்தத் தோலைப் பிளந்துகொண்டு கூம்பாக வெளியே வரும், குளிர்ந்த நீரில் பட்டு அப்படியே உறையும். சூடு போதுமான அளவு இருந்தால் அரை மணி ஒரு மணி நேரத்தில் அந்தக் கூம்பே இளகிக் கீழே விழுந்து சேர்ந்துவிடும். உங்கள் விளக்கு அந்தப் படியிலேயே நிற்கிறது, அவ்வளவுதான்.

கலங்கலையும் ஸ்பிரிங்கையும் அப்புறம் பார்ப்போம். சூடு சரியாகாமல் அதில் கை வைத்துப் பிரயோஜனம் இல்லை.


நாகலூர்_காப்பி:

அண்ணா, பல்பைக் கழற்றிப் பார்த்தேன், 15 வாட் என்றுதான் இருக்கிறது. ஸ்டிக்கரில் 40 வாட் ரிஃப்ளெக்டர் பல்பு என்று போட்டிருக்கிறது. எனக்கு இது தோன்றவே இல்லை. தம்பியிடம் சொல்லி சேலத்திலிருந்து மூன்று பல்பு வாங்கி பஸ்ஸில் கொடுத்தனுப்பச் சொன்னேன், நேற்று வந்தது.

போட்டதும் வித்தியாசம் தெரிந்தது, இரண்டு மணி நேரத்தில் அந்த விரல் சாய்ந்து விழுந்துவிட்டது. ஆனால் இன்னும் முழுதாக இல்லை. மெழுகு தூண் மாதிரி பாதி உயரம் எழுந்து, மேலே குடை போல விரிந்து நிற்கிறது, பிரிந்து போகவில்லை. ராத்திரி 11 மணிக்கு மேல் இரண்டு மூன்று உருண்டை போனது, அதற்குள் அப்பா படுக்கப் போய்விட்டார்.

எஸ்டேட் எலக்ட்ரீஷியன் தம்பியை அழைத்து வோல்டேஜ் பார்த்தேன். 7 மணிக்கு 188, பதினொன்றுக்கு 224. அறையில் தெர்மாமீட்டர் 15 காட்டியது. விளக்கு இருப்பது ஜன்னல் பக்கத்தில் கடப்பைக் கல் அலமாரியில். இடத்தை நீங்கள் நேரில் பார்த்துச் சொன்ன மாதிரி இருக்கிறது.


ஃபேஸ்_நியூட்ரல்:

இப்போது கணக்கு சரியாக வருகிறது தங்கச்சி. 230 வோல்ட்டுக்குச் செய்த 40 வாட் பல்பு 188இல் கிட்டத்தட்ட 30 வாட்தான் இழுக்கும். கால்வாசி சூடு அங்கேயே போச்சு. முன்னே இருந்த 15 வாட் பல்பு 11 வாட்டாக எரிந்திருக்கும், மெழுகு என்ன செய்யும் பாவம். பதினொரு மணிக்கு மேல் உருண்டை போனதற்குக் காரணம் மெழுகு மனசு மாறியது இல்லை, கீசர் எல்லாம் அணைந்தது.

பழைய டிவி ஸ்டெபிலைசர் யார் வீட்டிலாவது பரண்மேல் சும்மா கிடக்கும், அதைப் போடுங்கள், 40 வாட்டுக்கு அது தாராளம். வாட்டை மட்டும் கூட்டாதீர்கள், 60 போட்டால் ஹோல்டர் கருகும், பாட்டிலுக்கும் ஆபத்து. விளக்கை ஜன்னலிலிருந்து உள்சுவர்ப் பக்கம் கொண்டுபோய் மர ஸ்டூலில் வையுங்கள், பகலிலும் வெயில் படாது. வெயில் பட்டால் நிறம் வெளுத்துவிடும், வெளுத்தது திரும்ப வராது. குளிர்கிறதே என்று துணியோ அட்டைப்பெட்டியோ சுற்றிவிடாதீர்கள், அது தீ விபத்தில் முடியும். மேலே இருக்கும் தகர மூடியை எடுக்காதீர்கள்.

இப்போது ஸ்பிரிங். அது சும்மா கிடக்கும் கம்பி இல்லை. மேலே போய் வரும் உருண்டைகள் அடியில் இருக்கும் மெழுகோடு சேர வேண்டும், உருண்டைகளுக்கு மேல் இருக்கும் தோல் போன்ற இழுவிசை அதைச் சேரவிடாது, சூடான அந்தக் கம்பியில் பட்டால்தான் அது உடைந்து ஒன்றாகும். கம்பி சாய்ந்தால் பொடி உருண்டைகள் சேராமல் தனித்தனியாகவே நிற்கும், நீங்கள் ஜவ்வரிசி என்றீர்களே, அது. விளக்கு மூன்று மணி நேரம் எரிந்து மெழுகு முழுதும் இளகிய பிறகு, சுவிட்சை அணைத்து பிளக்கையும் பிடுங்கிவிட்டு, கெட்டித் துணியால் பாட்டிலைப் பிடித்து, தூக்காமல், இருந்த இடத்திலேயே தயிர் சட்டியைத் திருப்புகிற மாதிரி அரைச் சுற்று இந்தப் பக்கம், அரைச் சுற்று அந்தப் பக்கம். குலுக்கவே கூடாது. மெழுகு இளகியிருந்தால் கம்பி தன் கனத்தில் தானாகப் படியும். ஒரே நாளில் படியாவிட்டால் மறுநாள்.

கலங்கலுக்கு மருந்து பொறுமைதான். சூடு ஆறாமல் எடுத்துக்கொண்டு வந்தீர்கள், வளைவுகளில் ஆடியதில் மெழுகு கண்ணுக்குத் தெரியாத பொடியாக நீரில் கலந்துவிட்டது. ஒரு முழு நாள் அணைத்து வையுங்கள், யாரும் தொட வேண்டாம். அப்புறம் தினமும் ஒரே மூச்சாக ஆறேழு மணி நேரம் ஓட்டி, முழுதாக ஆறவிட்டு, திரும்ப ஓட்டுங்கள். சுற்றும் மெழுகு அந்தப் பொடியைக் கொஞ்சம் கொஞ்சமாக வாரிச் சேர்த்துக்கொள்ளும். அரை மணிக்கு ஒரு தடவை போட்டுப் போட்டு அணைத்தால் தெளியாது.

ஒரு விஷயம் இங்கே சொல்லத் தோன்றுகிறது. இந்த விளக்கை 1963இல் கொண்டுவந்த இங்கிலாந்துக்காரர் எட்வர்ட் கிரேவன் வாக்கருக்கு இந்த யோசனையே ஒரு மதுக்கடையில் பார்த்த, முட்டை வெந்ததைக் காட்டும் கருவியிலிருந்துதான் வந்ததாம், கொதிநீரில் வைத்த புட்டியில் மெழுகு இளகி மேலே வந்தால் முட்டை வெந்துவிட்டது என்று அர்த்தம். ஆரம்பத்திலிருந்தே இது சூட்டைக் காட்டும் கருவிதான். மெழுகு எங்கே நிற்கிறது என்று பார்த்தாலே சூடு எவ்வளவு என்று சொல்லிவிடலாம்.


மாங்கனி_நகரம்:

அண்ணா, நடுவில் நுழைகிறேன். எனக்கு இதற்கு நேர் எதிர்ப் பிரச்சினை. அஸ்தம்பட்டியில் மாடி வீடு, சித்திரை வைகாசியில் மெழுகு முழுவதும் மேலே போய் ஒரே பந்தாக மிதக்கிறது, இறங்குவதில்லை. அக்கா விளக்கை நான் வாங்கிக்கொண்டு என்னுடையதை ஏற்காட்டுக்கு அனுப்பினால் சரியாகிவிடும் போலிருக்கிறது.


ஃபேஸ்_நியூட்ரல்:

உங்களுடையது சூடு கூடிப்போனது தம்பி. மேலே இருக்கும் நீருக்கும் அடியில் இருக்கும் நீருக்கும் சூட்டில் வித்தியாசம் இருந்தால்தான் மெழுகு ஆறி இறங்கும். 36 டிகிரி அறையில் மேலே எப்படி ஆறும்? அணைத்து முழுதாக ஆறவிடுங்கள். குண்டு பல்புக்கு ஏற்ற டிம்மர் ஒன்று போட்டுக் கொஞ்சம் குறைத்து வைத்தால் போதும், விலை அதிகம் இல்லை. கோடையில் இரவு பத்துக்கு மேல் மட்டும் போடுங்கள், ஆறு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம்.


கடல்தாண்டி_வந்தது:

அமெரிக்காவிலிருந்து விளக்கு கொண்டுவருபவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே 120 வோல்ட். அண்ணன் கொண்டுவந்ததை நான் அப்படியே நம் பிளக்கில் சொருகினேன், ஒரு நொடி கண் கூசுகிற வெளிச்சம், பல்பு தீர்ந்தது. மரையும் அங்கே 17 மில்லிமீட்டர், நம்முடைய 14 அதில் நிற்காது. அவர்கள் பல்பையே நான்கைந்து வாங்கி வரச் சொல்லி, வோல்டேஜ் குறைக்கும் கன்வெர்ட்டர் வைத்துத்தான் ஓட்டுகிறேன்.


நாகலூர்_காப்பி:

ஒன்பது நாள் கழித்து எழுதுகிறேன், வேலை இருந்தது, மன்னியுங்கள்.

பக்கத்து வீட்டில் ஸ்டெபிலைசர் கிடைத்தது. விளக்கை உள்சுவர் ஓரம் அம்மாவின் தையல் மெஷின் மேல் வைத்திருக்கிறோம், பலகை நன்றாகக் காய்ந்த தேக்கு. கம்பி மூன்றாவது நாள்தான் படிந்தது. நான் துணியைப் பிடித்துத் திருப்பிக்கொண்டிருந்தபோது டிக் என்று ஒரு சின்னச் சத்தம், குனிந்து பார்த்தால் வட்டமாக அடியில் உட்கார்ந்திருந்தது. மறுநாளே ஜவ்வரிசி குறைய ஆரம்பித்தது, ஒவ்வொரு பொடியும் அந்தக் கம்பியை உரசி நின்று, ஒரு கணம் யோசிக்கிற மாதிரி நின்று, சட்டென்று உள்ளே போய்விடுகிறது. அதையே ஒரு மணி நேரம் பார்த்தேன். நீர் இன்னும் லேசாக மங்கலாகத்தான் இருக்கிறது, ஆனால் பின்னால் இருக்கும் சுவர்க் காலண்டரின் தேதியைப் படிக்க முடிகிறது, முதல் வாரம் அதுகூட இல்லை.

கொலுசுத் தம்பிக்கு நன்றி, நீங்கள் எழுதாவிட்டால் அன்றே உப்பு டப்பாவை எடுத்திருப்பேன்.

ஒரே ஒரு சந்தேகம் பாக்கி. அப்பா எழுவது பன்னிரண்டு, பன்னிரண்டரை. அந்த நேரத்தில் மெழுகு ஓடிக்கொண்டிருக்க வேண்டும். மாலையிலேயே போட்டுவிட்டால் விடியும் வரை பன்னிரண்டு மணி நேரம் ஆகிவிடுகிறது, அது தாங்குமா?


ஃபேஸ்_நியூட்ரல்:

பன்னிரண்டு மணி நேரம் வேண்டாம், எட்டு பத்துக்குள் நிறுத்துங்கள். உங்கள் அறைக் குளிருக்கு முதல் உருண்டை பிரிய இரண்டு, இரண்டரை மணி நேரம் பிடிக்கும். பத்து மணிக்கு நீங்கள் படுக்கப் போகும்போது சுவிட்சைப் போட்டுவிடுங்கள், அப்பா எழுந்து உட்காரும் நேரத்துக்கு மெழுகும் எழும். காலையில் ஆறு மணிக்குக் காப்பி கொடுக்கும்போது அணைத்துவிடலாம்.


நாகலூர்_காப்பி:

சரி அண்ணா. இன்றைக்குப் பத்து மணிக்குப் போடுகிறேன்.